சஜீவன் போட்ட அஞ்சலி

என் தம்பி மில்ரன் செத்துப்போன செய்தியை நான் பேஸ்புக்கில்தான் பார்த்தேன். அவனைத் தேடிக் கடலுக்குப் போன மீன்பிடிப் போட்டுகள் திரும்பினால் கொடுக்கவென்று பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரம் அது. முதல் நாள் பின்னேரம் நண்டு வலை பார்க்கத் தனியாகப் போனவன் விடிந்தும் கரைக்கு வரவில்லை. இஞ்சின் பழுதாகியிருக்கும், சோழகம் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊர் பேசாலைக்கு இந்தப் பக்கம், மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. இங்கே சோழகக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும். நேரம் போகப் போக ஆள் தூரம் போவான். அதனால் ஊர்ப் போட்டுகள் எல்லாம் விடியும்போதே இறங்கிவிட்டன.

'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே கைகூப்பியபடி சஜீவன், வெள்ளைச் சேட்டு, பின்னால் கட்சிக் கொடி. மூலையில் முத்திரை அளவில் என் தம்பி. அந்தப் படமும் நான் முன்பு போட்டதுதான். பெரிய கொடுவா ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அஞ்சலிப் படத்தில் மீனை வெட்டி எடுத்திருந்தார்கள். வால் மட்டும் அவன் தோளுக்குப் பக்கத்தில் மிச்சம் இருந்தது. விடத்தல்தீவுக் கரையில் சடலமாக மீட்கப்பட்டானாம். சாட்சிக்கு இன்னொரு படம்: தார்ப்பாயால் மூடிய எதுவோ, சுற்றிவரத் தென்னை மரங்கள். விடத்தல்தீவுக் கரையில் எந்தக் காலத்தில் தென்னந்தோப்பு நின்றது? அங்கே கண்டல் காடும் சேறும்தான். இதைக்கூடக் கவனிக்காதவன்தான் அடுத்த தேர்தலில் நின்று எங்கள் பிரதேச சபையைத் திருத்தப் போகிறான்.

மாதா கோயிலடியில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. ஆட்கள் வராத நேரத்தில் பேஸ்புக்கில் எழுதுவேன். ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். காலையில் காற்றாலை வேண்டாம் என்று மேடை ஏறிவிட்டு, பின்னேரம் அதே காற்றாலைக்குக் கீழே நின்று செல்பி போடுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்திய இழுவைப்படகு வலையை அறுத்தால் டெல்லிக்குக் கடிதம் எழுதி, அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, அனுப்ப மறந்துபோகிற தலைவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். கனடாவில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்களை வீதிக்கு இறங்கச் சொல்கிற அண்ணன்மாரையும் விட்டதில்லை. சஜீவன் மூன்று கட்சி மாறியபோது, 'சேட்டு மாற்றுவதற்கு முதல் கட்சி மாற்றுகிறார்' என்று நான் எழுதியதற்கு ஊரே சிரித்தது.

இப்போது நான், 'என் தம்பி சாகவில்லை, இது பச்சைப் பொய்' என்று எழுதினேன். முதல் ஆள் சிரிப்புக்குறி போட்டான், வழக்கமான நக்கல் என்று நினைத்தானோ என்னவோ. இரண்டாவது ஆள், 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் சகோதரி' என்றார். மூன்றாவது, கனடா: 'இதற்கு அரசாங்கமே பொறுப்பு!' எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அப்படி ஒரு சவமும் வரவில்லை என்றார்கள். விடத்தல்தீவில் இருக்கிற என் சிநேகிதி றஹீமாவுக்கு எடுத்தேன். அவள் தன் மகனையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எடுத்தாள். "ஜெஸ்லியா, கரை முழுக்கப் பார்த்தாச்சு. மையித்தும் இல்ல, ஒண்டுமில்ல. அல்லாவுக்காக அழாம இருங்க."

அதற்கிடையில் கோயில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. திருநாளுக்கு அடிக்கிற மணி அல்ல. ஒன்று, பிறகு நிறுத்தி இன்னொன்று, சாவுக்கு அடிக்கிற மணி. மணி அடிக்கிறவரின் கையிலும் போன் இருக்கிறது. எங்கள் ஊரில் சாவு மணி அடித்தால், செத்தவரை அடக்கம் செய்யும்வரை ஒரு போட்டும் கடலுக்கு இறங்காது. கடலில் நிற்கிறவனும் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவான். சிக்னல் கிடைத்த போட்டில் செய்தியைப் பார்த்து, மற்றப் போட்டுகளுக்குக் கையைக் காட்டி, எல்லோரும் மரியாதையாகத் திரும்பிவிட்டார்கள். என் தம்பிக்குத் துக்கம் கொண்டாடுவதற்காக அவனைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்!

வீட்டுக்கு ஓடினேன். மரண உதவிச் சங்கம் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தது. எதற்கும் நேரத்துக்கு வராத சங்கம். உள்ளே மில்ரனின் மனுசி வேணுஜாவைச் சுற்றிப் பொம்பிளைகள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மடியில் யாரோ ஒரு கறுப்புச் சீலையை வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், நீங்கள் பொய் சொல்லமாட்டியள். அவர் இருக்கிறாரோ, இல்லையோ?"

உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் இதற்கு, ஆஸ்பத்திரியில் இல்லை, விடத்தல்தீவில் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. கடலில் என்ன நிலைமையில் இருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் சீலையை எடுத்துக் கீழே போட்டாள்.

வெளியே சஜீவன் வந்து இறங்கினான். அவனோடு வந்தவர்கள் அஞ்சலிப் பனர் கட்ட மரம் தேடினார்கள். அவன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "உறவுகளே, இந்தத் துயரமான வேளையில..." என்று தொடங்கினான். நான் போனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"சஜீவன், சவம் எங்க?"

அவன் போனை இறக்கினான். "அக்கா, எனக்கு ஒராள் அனுப்பினவர்..."

"ஆஸ்பத்திரியிலயும் இல்லை, விடத்தல்தீவிலயும் இல்லை. உடன அதை அழி."

"ஆயிரத்துக்கு மேல ஷெயர் போயிட்டுது அக்கா. இப்ப அழிச்சா எனக்கெல்லோ அவமானம்." பிறகு குரலைத் தணித்தான். "அவர் வந்திட்டா நல்ல வரவேற்பு ஒண்டு போடுவம். நானே செலவழிக்கிறன்."

இந்த ஜென்மத்தோடு கதைத்துப் பயனில்லை. காறித் துப்பக்கூட எனக்கு நேரம் இல்லை. கரைக்குப் போனேன்.

போட்டுகளை மணலில் ஏற்றிவிட்டு ஆம்பிளைகள் நிழலில் குந்தியிருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்றுவரை என் எழுத்தைப் பார்த்துக் கெக்கட்டமிட்டுச் சிரித்தவர்கள். மீனவர் சங்கத் தலைவர் அருளப்பன் அண்ணை எழும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னதையும் றஹீமா சொன்னதையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மணி அடிச்சுப்போட்டுது பிள்ளை. அடக்கம் முடியுமட்டும் இறங்கேலாது. எங்கட அப்பன்மார் காலத்து வழமை."

"எதை அண்ணை அடக்கப் போறியள்? சஜீவன் போட்ட போட்டோவையோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அழுதேன். "அவன் அங்க கிடந்து எங்கட போட்டு வருமெண்டு பாத்துக்கொண்டிருப்பான் அண்ணை. எத்தினை போட்டு திரும்பிப் போறதைக் கண்டானோ தெரியாது."

அருளப்பன் அண்ணை கடலைப் பார்த்தார். பிறகு குந்தியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒராள் ஓடிப்போய் அந்த மணியை நிப்பாட்டச் சொல்லுங்கோடா. மற்ற ஆக்கள் எழும்புங்கோ."

முதல் போட்டைத் தள்ளும்போதே நான் ஏறி இருந்துவிட்டேன். பொம்பிளைகள் தொழிலுக்குப் போகிற போட்டில் ஏறுவதில்லை. அருளப்பன் அண்ணை என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஏறினார். பின்னால் ஊர்ப் போட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கொஞ்சத் தூரம்வரை என் போன் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் ஆழ்ந்த இரங்கல். சிக்னல் போனதும் அதுவும் அடங்கியது.

கரை தெரியாத இடம் வந்ததும் அருளப்பன் அண்ணை கையைத் தூக்கினார். எங்கள் இஞ்சின் நின்றது. பக்கத்துப் போட்டு நின்றது, அதற்கு அடுத்தது நின்றது. தண்ணீர் போட்டில் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கூப்பிடு பிள்ளை. காத்து எங்கட முதுகில. நீ கூப்பிடுறது அவனுக்குக் கேக்கும்."

"அவன் பதில் சொன்னா?"

"அது இஞ்ச வராது. காத்து அங்கால கொண்டுபோயிடும். உயிரோட இருந்தா துடுப்பைத் தூக்கிக் காட்டுவான். கண்ணை எடுக்காத."

நான் முன்பக்கம் எழும்பி நின்று என் பலம் முழுவதையும் சேர்த்து, "மில்ரன்!" என்று கத்தினேன். காற்று அந்தப் பெயரை வடக்கே எடுத்துக்கொண்டு போனது. எல்லாப் போட்டுகளிலும் ஆட்கள் எழும்பி, சரிகிற வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள்.