விளக்கேந்தியவளின் முகம்

மழை விட்ட மாலைப்பொழுது. ஓட்டுக் கூரைகளில் தங்கிய நீர் இறங்கவோ வேண்டாவோ என்று தயங்கிச் சொட்ட, கடைத்தெருவின் ஈரக் கற்களில் சாய்ந்த வெயில் பொன்பூசி நிற்க, அருங்காட்சியகத்துக்குப் பின்னுள்ள மாடிவீட்டின் மேற்குச் சாளரத்தருகே, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டி, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய ஓவியம் ஒன்றின்மேல் கவிழ்ந்திருந்தார் ஓவிய ஆய்வாளர். கற்றறிந்த நண்பரே, கோடுகளை அறிந்த அளவுக்கு வீட்டாரை அறிந்தவர் அல்லர் அவர்; ஆயினும் நல்லவர்.

ஓவியம் காட்டியது ஒரு நாடகக் காட்சி. பிரிந்த மகனைக் கண்டுகொண்ட அரசி நடுமேடையில் கைவிரித்து நிற்க, திரையின் மடிப்புகளும், படிகளின் விளிம்புகளும், காவலர் சாய்த்த வேல்களும் அவள் முகம் நோக்கியே ஓடின. அம்முகத்தில் உளிமுனை படவேயில்லை. வெறுந்தாளின் வெண்மையே அங்கு ஒளியாயிற்று. ஓரத்தில் விளக்கேந்திய தோழியின் முகமோ, கோட்டின்மேல் கோடு குறுக்கே நெருங்கி இருண்டு கிடந்தது. “விளக்கைப் பிடித்தவள் முகம் இருள்வது எங்ஙனம்? இவளே இவ்வோவியத்தின் குறை” என்று எழுதிய ஆய்வாளர், எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். அங்கேதான் வந்தது வினை.

கேட்டவர் அவர் மனைவி. நெடுங்காலம் அரசியாகவே மேடையேறிய அந்நடிகையார், புதிய நாடகத்தில் விளக்கேந்தும் தோழியாக, பேச ஒரு சொல்லுமின்றி நிற்கப் பணிக்கப்பட்டிருந்தார். அன்றே முதல் ஆட்டம். போவதில்லை என்று முடிவுகட்டி, காலைமுதல் சமையலறைக் கலங்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்.

“அப்ப என்னையும் குறைன்னுதானே சொல்றீங்க?”

“ஐயோ, உன்னச் சொல்லலம்மா. படத்துல இருக்கறவளச் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்று உருப்பெருக்கியைப் பிடுங்கிப் படத்தை நோக்கியவர், நோக்கியபடியே நின்றுவிட்டார். பின்னர்ச் சாளரத்தை அடைத்து, கைவிளக்கை ஏற்றித் தோளளவு உயர்த்தி, சுடருக்கும் தம் முகத்துக்கும் இடையே உள்ளங்கையை நிறுத்தினார். ஒளி முழுதும் கணவர்மேல் விழுந்தது.

“கைய எடுத்தா வெளிச்சம் என் கண்ணுல அடிக்கும், நீங்க தெரிய மாட்டீங்க. அவ கையப் பாருங்க. முகத்த மறைச்சுக்கிட்டு மொத்த வெளிச்சத்தையும் ராணிக்குக் குடுக்கறா.”

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். திரைமடிப்பு என்று தாம் தள்ளிவிட்ட ஐந்து மெல்லிய கோடுகளும் ஐந்து விரல்களாயின. நிமிர்ந்து மனைவியை நோக்கினார்.

“இந்தக் கை இல்லேன்னா இந்தப் படமே இல்ல. இத்தன நாள் பார்த்தும் தெரியாமப் போச்சே எனக்கு.”

“இப்ப என் முகம் தெரியுதா?”

“தெரியல. நீ என்னப் பார்க்கறது தெரியுது.”

நடிகையார் விளக்கை ஊதி அணைத்தார். “நேரமாச்சு. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று அரங்கில், தோழி உயர்த்திய விளக்கொளியில் அரசி கலங்கி நிற்க, அவையோர் கண்களெல்லாம் அவள்மேலேயே மொய்த்தன. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் நடிகையார் கேட்டார்.

“எல்லாரும் ராணியப் பார்த்தாங்க. நீங்க மட்டும் ஏன் ஓரத்தையே முறைச்சுக்கிட்டு இருந்தீங்க?”

“கட்டுரையத் திருத்தணும்ல” என்றார் ஆய்வாளர், மனைவியின் கையை விடாமலே.

ஒளிபெற்ற முகத்தைக் காண ஊரே திரளும். ஒளி தந்தவரின் இருளை நோக்க இரு கண்கள் போதும். அக்கண்கள் தம் வீட்டிலேயே அமையப்பெற்றவர்க்கு, மேடையின் ஓரமும் நடுவே.