மணல்மேட்டு மனை

கடலோரக் கட்டடங்களைச் சோதிக்க வந்த அதிகாரி ஷூவைக் கழற்றி மணலை உதறினார். "இது மணல்மேடும்மா. இங்க கட்டக் கூடாது. அஸ்திவாரத்த நீங்களே எடுத்துட்டா நல்லது" என்றார்.

"மேடுன்னுதானே சார் வாங்கினோம்?" என்றாள் என் மனைவி தாட்சாயிணி.

அவர் சிரித்திருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

தாட்சாயிணி மனை பார்ப்பது அடைமழையில்தான். வெயிலில் எல்லா மனையும் நல்ல மனை, மழையில் போனால்தான் அதன் யோக்கியதை தெரியும் என்பாள். மண்ணூர்பேட்டையில் நாங்கள் இருப்பது தாங்கல் ஏரியைத் தூர்த்துப் போட்ட தெரு. ஐப்பசி பிறந்தால் பீரோ செங்கல் மேலும், ஃபிரிட்ஜ் கட்டில் மேலும் ஏறிவிடும். சாக்கடையோடு கலந்து வரும் தண்ணீரில் நின்று நின்று அவள் காலில் வந்த சேற்றுப்புண் வருஷம் முழுக்க ஆறாது. அதனால்தான் கொட்டும் மழையில் என்னை பைக் ஓட்டவைத்து இந்தக் கடலோரம் வரை வந்தாள். மேட்டின் மேல் ஏறி நின்றாள். பெய்த தண்ணீரெல்லாம் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இதுதான் என் வீடு என்று அங்கேயே சொல்லிவிட்டாள். வீடு கட்டுவதற்குப் பஞ்சாயத்து ரசீது போதும் என்றான் புரோக்கர். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

பக்கத்தில் ரிசார்ட் கட்டுகிறவர்கள் அப்போது ஜேசிபி வைத்து அதே மேட்டை வாரிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மனையையும் ஓசியில் சமம் பண்ணித் தரட்டுமா என்று டிரைவர் கேட்டான். தாட்சாயிணி அவனை அடிக்காத குறையாக விரட்டினாள். மேட்டில் படர்ந்து மணலைப் பிடித்துவைத்திருந்த அடும்பங்கொடியைக்கூட யாரையும் மிதிக்கவிடவில்லை.

ரிசார்ட்டின் மதிலைக் காட்டி, "அவங்களுக்கு மட்டும் எப்படி சார்?" என்று கேட்டேன்.

அதிகாரி அந்தப் பக்கம் பார்க்காமலே பேசினார். "நாங்க அளக்க வந்தப்ப அங்க மேடு இல்லீங்க. சமதரைன்னு வரைபடத்துல ஏறிடுச்சு. உங்களுதுதான் மேடா இருக்கு. இதுவும் போனா பின்னாடி இருக்கிற குப்பத்துக்குள்ள கடல் வந்துடும். சட்டம் சரியாத்தான் இருக்கு."

"சட்டம் தப்புன்னு நான் சொல்லலியே" என்றாள் தாட்சாயிணி. "மேட்ட வாரித் துன்னவனுக்கு ரோடு போட்டுக் குடுத்துகிறீங்க. வெச்சிக் காப்பாத்தினவ ஊட்ட இடிக்க வந்துகிறீங்க. அன்னிக்கே ஜேசிபிய உட்டிருந்தா நானும் யோக்கியம்தானே?"

அவர் ஷூவை மாட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். பாவம், அவரும் என்ன சொல்வார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

சுவருக்கென்று இறக்கியிருந்த செங்கல் அப்படியே அடுக்கிக் கிடந்தது. பைக்கில் எத்தனை கொள்ளுமோ அத்தனையை தாட்சாயிணி சிமெண்ட் சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "வண்டிய எடு" என்றாள். ரெட்ஹில்ஸ் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். உடை மாற்றாமல், தலை துவட்டாமல், "பீரோவத் தூக்கிப் புடி" என்றாள். தூக்கினேன். போன வருஷத்துச் செங்கல்லின் மேல் புதுச் செங்கல்லை ஒவ்வொன்றாக வைத்தாள். அவற்றில் ஒட்டியிருந்த கடல் மணல் உதிர்ந்தது. வாசற்படி தாண்டி வந்த தண்ணீர் அதை அடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போனது.