பின்பலகையில் நாலு ஓட்டை

புதுப் படகுக்கு மோட்டார் மாட்ட ஈரோட்டிலிருந்து வந்த முருகானந்தம், வந்ததிலிருந்து சிவபிரகாஷிடமே பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற மைதிலியின் பக்கம் அவன் முகம் திரும்பவே இல்லை. அவளுக்கு அப்போதே சுருக்கென்றது.

படகை ஓட்டப்போவது அவள்தான். ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு மேலே, தேங்கி நிற்கும் காவிரிக்கு அக்கரையில், வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறவளும் அவள்தான். அவள் புருஷன் சிவபிரகாஷ் போர்வெல் ரிக் வண்டியோடு தெலுங்கானா, சத்தீஸ்கர் என்று கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். வந்திருக்கும் நாளில் மட்டும் வீட்டில் எதற்கும் அவன் வாயிலிருந்துதான் உத்தரவு வரவேண்டும்.

"அண்ணா, க்ளாம்பை மட்டும் நம்ப முடியாதுங்க," என்றான் முருகானந்தம். "இந்தப் பின்பலகையில நாலு ஓட்டை போட்டு, போல்ட் உட்டு, உள்பக்கம் பெரிய வாஷர், லாக் நட்டு வெச்சு முறுக்கிரலாமுங்க. சுத்தியும் பசை வெச்சுட்டா சொட்டுத் தண்ணி எறங்காது."

"புதுப் படகுல ஓட்டையா? தண்ணியில போற சாமானத்துல எவனாச்சும் ஓட்டை போடுவானா?" என்றான் சிவபிரகாஷ்.

"ஓட்டை தண்ணிக்கு மேலதானுங்களே வருது?" என்றாள் மைதிலி. "அவரு சொல்றாப்பல போட்டுரலாமுங்க."

"நீ சும்மா இரு புள்ள. மிசினைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

சிவபிரகாஷ் அதோடும் விடவில்லை. பலகையைக் கவ்விப் பிடிக்கிற க்ளாம்பின் இரண்டு திருகும் பெயின்ட்டைச் சுரண்டிவிடுமாம். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து, பலகைக்கும் திருகுக்கும் நடுவில் சொருகினான். "ரப்பர் வெச்சா நழுவுமுங்ணா," என்று முருகானந்தம் முணுமுணுத்தான். சிவபிரகாஷ் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டு, கையால் முடிந்த மட்டும் திருகிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஊரெல்லாம் பூமியைத் துளைத்துத் துளைத்துச் சம்பாதிக்கிற மனுஷனுக்கு, ஒரு பலகையில் விரல் பருமனுக்கு ஓட்டை போட மனசு வரவில்லை. மைதிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நைலான் கயிறு ஒன்றை எடுத்து மோட்டாரின் கைப்பிடியில் கோத்து, படகின் இரும்பு வளையத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"கன்னுக்குட்டியைக் கட்டறாப்பல கட்டறா பாரு!" என்று சிரித்தான் சிவபிரகாஷ்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலையில், தோட்டத்துக்கு உர மூட்டைகளை ஏற்றிய பிறகு, வேலைக்கு வரும் அத்தாயியும் செங்கோடனும் ஏறினார்கள். இருவரும் மைதிலியோடு பல வருஷமாகத் தோட்ட வேலை செய்கிறவர்கள். பாரம் இருந்ததால் மைதிலி வேகக் கைப்பிடியைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினாள். நடு ஆற்றில் மோட்டாரின் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால், க்ளாம்பின் ஒரு பக்கம் பலகையை விட்டு மேலே ஏறி நிற்கிறது. ரப்பர் துண்டு பாதி பிதுங்கி வெளியே தொங்குகிறது.

வேகத்தைக் குறைப்பதற்குள் மோட்டார் ஒரு துள்ளு துள்ளிச் சாய்ந்தது. அதன் அடியில் சுழலும் விசிறி தண்ணீருக்கு மேலே எழும்பி அலறியது. அத்தாயியின் சேலைத் தலைப்பு அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மைதிலி, இன்ஜினை நிறுத்துவதற்கென்று மணிக்கட்டில் மாட்டியிருந்த சிவப்புக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். இன்ஜின் நின்றது. அடுத்த நொடி மோட்டார் பலகையை விட்டுக் கழன்று தண்ணீரில் விழுந்தது. நைலான் கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டது. படகின் பின்புறம் தண்ணீர் மட்டத்துக்கு அமுங்கியது.

"அம்மிணி, கயித்தை அறுத்துரட்டுமா?" என்று செங்கோடன் அரிவாளை எடுத்தான்.

"வேண்டாமுங்க! எல்லாரும் முன்னால தள்ளி உக்காருங்க!"

அணையில் ஷட்டர் திறந்திருந்த நேரம். தண்ணீர் படகை மெதுவாகத்தான் இழுத்தது, ஆனால் அணைப் பக்கமாகவே இழுத்தது. கட்டைத் துடுப்பு ஒன்றுதான் இருந்தது. மைதிலி அதை வலித்தாள். அத்தாயி உரம் அள்ளக் கொண்டுவந்த அன்னக்கூடையாலும், செங்கோடன் வெறுங்கையாலும் தண்ணீரைத் தள்ளினார்கள். தோள் கழன்று போகும் என்கிற மாதிரி ஆனபோது நாணல் திட்டில் படகு தட்டியது. அத்தாயி நாணலைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதாள்.

மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் வந்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். நனைந்த சேலையோடு மேடேறி வந்த மைதிலியின் காதில், அதற்குள் சேதி எட்டிவிட்டிருந்த டீக்கடையில் புருஷன் பேசிக்கொண்டிருந்தது விழுந்தது.

"வெடுக்குனு திருப்பியிருப்பா. பொம்பளைங்க கையில மிசினைக் குடுத்தா இப்படித்தானுங்க."

என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டானா? மைதிலி நேராகப் போய், படகிலிருந்து எடுத்து வந்த அந்த ரப்பர் துண்டை அவன் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாரு வெச்சதுங்க? அத்தாயக்காளுக்குக் கழுத்துல பட்டிருந்தா, அவங்க ஊட்டுக்கு நீங்க போயி பதில் சொல்லுவீங்களா?"

சிவபிரகாஷ் எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அங்கே நின்றபடியே முருகானந்தத்துக்குப் போன் போட்டாள். மத்தியானமே வந்துவிட்டான். மோட்டாரைக் கழற்றி, உள்ளே போன தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டு, பிழைக்க வைத்தான். டிரில்லைக் கையில் எடுத்த பிறகு தயங்கினான்.

"அண்ணனை ஒரு வார்த்தை..."

"படகை யாரு ஓட்டறதுங்க?"

"நீங்கதானுங்கக்கா."

"அப்ப என்னையப் பாத்துப் பேசுங்க. அன்னைக்கே என்னையக் கேட்டிருந்தா இந்தக் கூத்து உண்டா? நழுவும்னு தெரிஞ்சும் மாட்டிக் குடுத்துட்டுப் போனீங்களே, உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதானுங்க," என்றான். மோட்டாரைப் பலகையின் சரி நடுவில் உட்காரவைத்து, உயரம் பார்த்து, குறி போட்டு, ஓட்டைகளைப் போட்டான். உள்ளே பசை அடைத்து போல்ட்டை இறக்கினான். ஸ்பேனரை மைதிலியே வாங்கி ஒவ்வொரு நட்டையும் முறுக்கினாள். பிறகு மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். படகுதான் ஆடியது, மோட்டார் அசையவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சிவபிரகாஷ் அவளிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவன் ரிக் வண்டிக்குக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது, படகுத் துறையில் பக்கத்துத் தோட்டத்துக் குமரகுரு நின்று பின்பலகையைக் குனிந்து பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடுங்க. இப்பிடித்தான் இருக்கோணும்."

"நான்தானுங்க போல்ட் போடச் சொன்னேன்," என்றான் சிவபிரகாஷ், கூச்சமே இல்லாமல். "க்ளாம்பை நம்ப முடியாதில்லீங்களா?"

படகில் உட்கார்ந்திருந்த அத்தாயி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மைதிலி நிமிர்ந்தாள்.

"ஆமாங்க, அவருதான் சொன்னாரு. போடாதேன்னு."

குமரகுரு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடுவதுபோல் நகர்ந்துகொண்டார். சிவபிரகாஷின் முகம் கறுத்தது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று படகை நோக்கி இறங்கினான்.

"இடமில்லீங்க," என்றாள் மைதிலி.

படகில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அத்தாயியும் செங்கோடனும் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதிலி கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினாள்.