வடக்குப் பாதி

கோதுமை விலை ஏறிய வருஷம் என் மூளையும் கூடவே ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மேற்குக் கன்சாஸில் மண் காற்றோடு போகாமலிருக்க, நிலத்தில் புல் வளரவிட்டிருந்தோம். அதற்கு அரசாங்கம் வருஷாவருஷம் வாடகை தந்தது. ஒப்பந்தம் முடிந்ததும், புதுப்பிக்காமல் உழப்போவதாகச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

"நிலம் சும்மா கிடக்குது, சம்பளம் வருது. அது உனக்குப் பொறுக்கலையா?" என்றாள் என் மனைவி ஆர்லிஸ்.

"மழை மட்டும் பெஞ்சா..."

"அதானே பெய்யாது! தெற்குப் பாதி எங்கப்பா எனக்குக் கொடுத்தது. அதுல உன் டிராக்டர் டயர் பட்டுச்சு, அவ்வளவுதான்."

வடக்குப் பாதியை மட்டும் உழுதேன். புல் லேசில் சாகவில்லை. களைக்கொல்லியும் டீசலும் ஆறாய்ப் போயின. அடிமண் ஈரத்தையெல்லாம் புல் முன்பே குடித்துத் தீர்த்திருந்தது.

காப்பீட்டுக்காரர், "இந்த நிலத்துல முன்ன விளைஞ்ச கணக்கே இல்லையே. பயிர் போனா இழப்பீடு கொஞ்சம்தான் கிடைக்கும்" என்றார்.

"விளைய வச்சே காட்டுறேன்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை முளை விட்டதும் படம் எடுத்து ஊரில் பாதிப் பேருக்கு அனுப்பினேன். குளிர்காலத்தில் பனியே விழவில்லை. மார்ச்சில் காற்று கிளம்பியது. பக்கத்து நிலத்துக்காரர் ஓரின் ஃபைஃபர் போன் செய்தார்.

"வெர்லின், உன் நிலம் என் வேலி மேல ஏறி உக்காந்திருக்கு. வந்து கூட்டிட்டுப் போறியா, நானே வச்சுக்கட்டுமா?"

போய்ப் பார்த்தேன். வேலி பாதி புதைந்திருந்தது. அந்த மண்மேட்டில் என் கோதுமைச் செடிகள் நாலைந்து பச்சையாக நின்றன.

"விதை நல்ல விதைதான்யா. இடம் பிடிக்காம இங்க வந்துடுச்சு" என்றார் ஓரின். நானும் சிரித்தேன்.

அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கோதுமை விலையும் அதற்குள் இறங்கிவிட்டது. கோடையில் ஓரினின் மாடுகளுக்கு மேய்ச்சல் காய்ந்துபோக, ஆர்லிஸிடம் தெற்குப் பாதியை வாடகைக்குக் கேட்டார்.

"தாராளமா விடுங்க."

"வேலி இல்லையே?"

"போட ஆள் இருக்கு. இப்ப அவனுக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்ல."

கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த பருவத்தில் வடக்குப் பாதியில் திரும்பவும் புல் விதைத்தேன். புல் முளைக்கவும் மழை வேண்டும் என்பது விதைத்த பிறகுதான் உறைத்தது. முதல் வருஷம் முள்செடிதான் வந்தது.

ஆர்லிஸ் வண்டியை நிறுத்திப் பார்த்தாள். "பச்சையா ஏதோ இருக்கே" என்றாள்.

அந்த வருஷம் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.