உரப்பைக்குள் இருந்த பாம்பு

உன்னிச்சை வயல் வட்டையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த மகள் மேனுகாவைப் பாம்பு கடித்ததும் அழகரத்தினம் மண்வெட்டியால் அதன் தலையை நசுக்கினார். அந்த அவசரத்திலும் செத்த பாம்பை உரப்பைக்குள் போட்டுக் கட்டினார். கடித்தது எதுவென்று கண்ணால் கண்டால் டொக்டர்மார் யோசிக்காமல் மருந்து ஏற்றுவார்கள் என்பது வயல்காரர் நம்பிக்கை. பதினான்கு வயதுப் பிள்ளையையும் பையையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

வாசலில் சிற்றூழியன் சதீசன் மறித்தான்.

“பைக்குள்ள என்ன?”

“புடையன், தம்பி. கடும் விஷம். டொக்டருக்குக் காட்டக் கொண்டாந்த நான்.”

“சீ! ஆஸ்பத்திரிக்குள்ள பாம்பா?” பையைப் பறித்து, புறப்பட்டுக்கொண்டிருந்த குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தில் எறிந்தான். அது போயே போய்விட்டது.

டொக்டர் விடுதியில் இருந்தார். தாதி தொலைபேசியில் பேசிவிட்டுக் கேட்டாள்: “என்ன பாம்பெண்டு டொக்டர் கேக்கிறார்.”

“புடையன், மிஸ்!”

“இல்ல மிஸ், சாரை. பார்த்த நான்,” என்றான் சதீசன். பையின் முடிச்சைக்கூட அவிழ்க்காதவன். எறிந்த குற்றம் தன் தலையில் விழக்கூடாதென்று வாய் கூசாமல் சொன்னான்.

தாதி சீருடைக்காரனைத்தான் நம்பினாள். சாரையென்றால் விஷமில்லை, அவசரமில்லையாம், டொக்டர் சாப்பிட்டுவிட்டு வருவாராம்.

வாங்கில் குந்தியபடி இரண்டரை மணித்தியாலம். மேனுகாவின் கால் முழங்கால்வரை வீங்கிக் கறுத்தது. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்தது.

“அப்பா, வாயெல்லாம் உப்புக் கரிக்குது.”

அழகரத்தினம் நாலு தரம் போய்ச் சொன்னார். நாலு தரமும் சத்தம் போடாதீங்க என்றாள் தாதி. பெற்ற பிள்ளை இரத்தம் துப்பும்போது சத்தம் போடாமல் வேறென்ன செய்வதாம்?

சதீசன் அந்த வழியாக வந்தான். “சாரை கடிச்சு ஆரும் செத்திருக்கா? பேசாம இரிங்க.”

அவ்வளவுதான். அழகரத்தினம் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார். சேலைன் தொங்கவிடும் கம்பியைப் பிடுங்கி வாயிலேயே அடித்தார். பல் உடைந்து தரையில் விழுந்தது. அடுத்த வீச்சில் அலுமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அடிக்க அடிக்க ஆத்திரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. ஊழியர் நாலு பேர் பாய்ந்து அவரைக் கண்ணாடித் துண்டுகள்மேல் குப்புறத் தள்ளி விலாவில் மிதித்தார்கள்.

“என்னக் கொல்லுங்கடா! புள்ளயப் பாருங்கடா!”

மேனுகா வாங்கிலிருந்து சரிந்து விழுந்தாள். மிதிக்கிற அவசரத்தில் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

பொலிஸ் அவரை இழுத்துப்போனது. ஊழியரைத் தாக்கியதற்கு நியாயம் கேட்டு எல்லோரும் வேலையை விட்டு வாசல் படலையடியில் போய் நின்றார்கள். டொக்டர் வந்து தனி ஆளாக மருந்து ஏற்றும்போது இன்னும் ஒரு மணித்தியாலம் கடந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் மேனுகா செத்துப்போனாள்.

மரண விசாரணைக்கு அழகரத்தினத்தை விலங்கோடு கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி அறிக்கையை அதிகாரி வாசித்தார். ‘தந்தையின் தாக்குதலால் சிகிச்சை ஒரு மணித்தியாலம் தாமதமானது.’ வாங்கில் கழிந்த இரண்டரை மணித்தியாலத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

“அடிச்சது உண்மையா?”

“ஓம். அடிச்ச நான்.”

அதிகாரி பேனையை எடுத்தார். “கடிச்சது என்ன பாம்பு?”

அழகரத்தினம் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார்.

“புடையன்.”

மறுபேச்சில்லாமல் அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.