கடல் தெரியாத பக்கம்

பெட்டியை உருட்டக்கூட நேரமில்லை. தூக்கிக்கொண்டே ஓடினார் சூப்பர்வைசர். ஏர்போர்ட் கவுன்டரை மூடிவிட்டு எழப் போன பெண்ணின் முன்னால் மூச்சிரைக்கப் போய் நின்றார்.

"வலப்பக்கம் ஜன்னல். இறக்கைக்கு முன்னாடி."

"இடப்பக்கமே ஒண்ணு இருக்கு சார். கடல் அப்படியே தெரியும்."

"கடல் வேண்டாம்மா."

"அந்தப் பக்கம் வெறும் மொட்டைமாடிதான். துணி காயப்போட்டிருப்பாங்க."

"அதான் வேணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. பைத்தியம் மாதிரியும் இல்லை. போர்டிங் பாஸை நீட்டினாள்.

ஓட்டலில் அறைத் துணிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அழுக்கு மூட்டைகள் வெளுக்கப் போகும் லாண்டரி, ரன்வேக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அதன் மாடியில், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் இன்றைக்கு ஒரு மஞ்சள் விரிப்பு தொங்குகிறதா, இல்லையா? அதை அவர் பார்த்தாக வேண்டும். போன் பண்ணிக் கேட்கக் கூடாது என்பது பேச்சு. விமானம் மேலே கிளம்பும் அந்தச் சில நொடிகள்தான், விட்டால் போச்சு.

ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, விமானி வாயைத் திறக்கும் வரை.

"காற்றின் திசை மாறியிருப்பதால் இன்று எதிர்த்திசையில் புறப்படுகிறோம்."

எதிர்த்திசை என்றால் மாடி இடப்பக்கம்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். அந்தப் பக்க ஜன்னலோரம் ஒரு அம்மா, நடுவில் அவள் புருஷன், ஓர இருக்கை காலி. பணிப்பெண் கையை ஆட்டி அதட்டுவதற்குள் பாய்ந்து அதில் உட்கார்ந்தார்.

"அக்கா, என் ஜன்னலை எடுத்துக்கங்க, உங்களோடதைக் குடுங்க. இப்போ கடல் அந்தப் பக்கம்தான்."

"இவரோட மல்லுக்கட்டி வாங்கின சீட்டு இது. எந்திரிக்க மாட்டேன்."

"குடுத்துத் தொலையேன்" என்றார் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. தம்பி, என்ன பாக்கணும் சொல்லு, நான் பாத்துச் சொல்றேன். என் கண்ணு பருந்துக் கண்ணு."

"பருந்தேதான்" என்று முனகினார் புருஷன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் சட்டைப் பைக்கு மேலேயே வட்டமடிக்குது."

சூப்பர்வைசர் அவசரமாகச் சொன்னார்: "ரெண்டு நீலத் தண்ணித் தொட்டி வரும். ஒட்டினாப்ல ஒரு மாடி. வெள்ளை விரிப்புக்கு நடுவுல மஞ்சள் ஒண்ணு இருக்கான்னு பாருங்க."

"இருந்தா?"

அவர் காது சிவந்தது. "முதல்ல பாருங்கக்கா."

விமானம் உறுமியது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. சக்கரம் தரையை விட்டது.

"தொட்டி வந்துருச்சு. ரெண்டு. நீலம். மாடி..." அவள் நிறுத்திவிட்டாள்.

"அக்கா?"

"வெள்ளையே இல்ல தம்பி."

"துணியே காயலையா?" அவர் கழுத்தை எக்கிப் பார்த்தார்.

"காயுது. அத்தனையும் மஞ்சள். கொடி கொடியா மஞ்சள். கைப்பிடிச் சுவர் மேலயும் மஞ்சள். நடுவுல ஒருத்தி நின்னு தலையணை உறையை ஆட்டுறா. அதுவும் மஞ்சள்தான்."

சூப்பர்வைசர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. புருஷன் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கிழிஞ்சுதுன்னு நான் கழிச்சுப் போட்ட விரிப்புங்க அதெல்லாம். ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடாம வெச்சிருந்து சாயம் ஏத்தியிருக்கா."

"யாருப்பா அவ?"

"லாண்டரிக்காரி. போன வாரம் அவகிட்ட ஒண்ணு கேட்டேன். மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வெக்கமா இருக்கு, ஊருக்குப் போறப்ப மேலேருந்து மாடியைப் பாரு, மஞ்சள் தொங்கினா சரின்னு தெரிஞ்சுக்கோன்னுட்டா."

அந்த அம்மா ஜன்னலை விட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அப்படி என்னதான் கேட்ட?"

"என்னைக் கட்டிக்கிறியான்னு."