வெள்ளம் நீங்கலாக

ஜெயபாய் தன் புதுவீட்டுச் சுவரை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

நாற்பத்து நான்கு வயதில் சுவரை நக்கிக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வைகாசியில் பிடித்த இடவப்பாதி மழை விட்டு வெகு நாளாகியும் சுவர் காயாமல் வியர்த்துக்கொண்டே இருந்ததன் காரணம் இதுதான். ஆற்று மணல் என்று ஆணையிட்டுச் சொன்ன கண்டிராக்டர் ஜான்ரோஸ், கடற்கரை மணலை வண்டி வண்டியாக அள்ளிவந்து பூசியிருக்கிறார். ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் விட்டு ஜெபிக்கிற மனிதர். அந்தக் கண்ணீரையும் சேர்த்துக் குழைத்திருப்பாரோ என்னவோ.

ஒரு ஆணியை அடித்து அதில் சிவப்பு நூலைக் கட்டினாள். வீட்டில் அது இருபத்து மூன்றாவது நூல்.

நூல் கட்டுவது அவளுடைய வேலையில் உள்ள வழக்கம். நாகர்கோவிலில், லேஸ் பின்னும் பெண்கள் கொண்டுவரும் உருப்படிகளைப் பரிசோதித்து வாங்கும் மேற்பார்வைக்காரி அவள். கறுப்புத் துணியின்மேல் லேஸை விரிப்பாள். விட்டுப்போன கண்ணியோ இழுபட்ட இழையோ தென்பட்டால் அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. பேச்சுக் கிடையாது. முடிச்சு விழுந்த உருப்படி பின்னினவளிடமே திரும்பிப் போகும். அவள்தான் பிரித்துச் சரிசெய்து தர வேண்டும். அழுத பெண்ணுக்கும் ஏசின பெண்ணுக்கும் இருபது வருஷமாக அதே முடிச்சுதான். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மட்டும் வேறு நியாயமா?

வயலை நிரவி, வாய்க்காலை ஒட்டி, ஒரே வரிசையாக ஐந்து வீடுகளைக் கட்டி ஜான்ரோஸ் விற்றிருந்தார். வரிசைக்குச் சீயோன் லைன் என்று பெயர். சீயோனின் ஐந்து வீடுகளும் ஒழுகின. ஆனால் வெளியே சொன்னவள் ஜெயபாய் ஒருத்திதான். மற்றவர்களிடம், குடிபுகுந்த வருஷத்தில் வீட்டைக் குறை சொன்னால் அந்த வீடு விளங்காது என்று ஜான்ரோஸ் சாவி கொடுக்கும்போதே சொல்லிவைத்திருந்தார். அடுத்த வீட்டுச் சண்முகவடிவு, மழை நாளில் மூன்று அண்டாக்களைக் கூடத்தில் வைத்துவிட்டு, யாராவது கேட்டால் பாத்திரம் விளக்கப் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

நாலு தடவை ஆள் விட்ட பிறகு ஜான்ரோஸ் வந்தார். கதர்ஜிப்பா, கையில் மடித்த குடை. வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, கிறிஸ்மஸுக்கு இப்பளே தோரணம் கெட்டியாச்சா?”

“ஒவ்வொரு நூலும் ஒரு பழுது. எண்ணிப் பாருங்க.”

“பழுது இல்லாத வீடு பரலோகத்துலதான் உண்டு.”

“அத நீங்க கெட்டல்லல்லா, அதனாலதான்.”

அவர் சிரித்தார். கோபப்படாத மனிதர், அதுதான் அவருடைய பலம். ஜெயபாய் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அயினி மரம் என்று சொல்லி வைத்த கதவு மாமரம். வர்ணம் உரிந்து பல்லை இளித்தது. அங்கணத்தில் பாத்திரம் கழுவினால் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் அடுப்பைப் பார்த்து ஓடியது. கடைசியாகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் மேல்தளத்தை நோக்கிக் கை நீட்டினாள்.

“இதுதான் எல்லாத்துக்கும் மேல. மட்டுப்பா பூரா வெடிப்பு. மழ பெஞ்சா வெள்ளம் ஒழுகி நேரா கட்டில்ல விழுது.”

ஜான்ரோஸின் முகம் மலர்ந்தது.

“இப்ப என்ன சொன்னிய? என்னது ஒழுகுது?”

“வெள்ளம்.”

“அப்படிச் சொல்லுங்க! வீடு எழுதின ஆதாரத்த எடுத்துப் பாருங்க. ஒரு வருஷத்துக்குள்ள வரப்பட்ட பழுது எல்லாம் நான் தீத்துத் தரணும், வாஸ்தவம். ஆனா என்ன எழுதியிருக்கு? ‘வெள்ளத்தால் உண்டாகும் சேதம் நீங்கலாக’. உங்க வாயாலயே வெள்ளம்னு சொல்லியாச்சு.”

அவள் திகைத்துப்போனாள். “அது வாய்க்கால் ஒடஞ்சு பெருவெள்ளம் வந்தா உள்ள பேச்சுல்லா?”

“நம்ம ஊர்ல வெள்ளம்னா என்ன தங்கச்சி? தாகத்துக்கு வெள்ளம் தாங்கண்ணு கேட்டா ஆத்தையா கொண்டாந்து குடுப்பிய? சுவரு நனஞ்சது வெள்ளத்தால. கதவு உப்புனது வெள்ளத்தால. அங்கணத்துல ஓடுததும் அதுதான். ஒரு காரியம் செய்வோம். குமாரதாஸ் வரட்டும். ஆம்பிளயள் இருந்து பேசித் தீப்போம்.”

குடையை விரித்துக்கொண்டு போனார். வெயில்கூட இல்லை.

ஜெயபாய் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன் நாக்கின்மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. பிறந்ததிலிருந்து குடித்தும் குளித்தும் வந்த ஒரு வார்த்தை, சமயம் பார்த்து எதிரிக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

அண்ணன் குமாரதாஸ் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தார். நூல்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏட்டி ஜெயம், ஒனக்கு என்ன பைத்தியமா? சபையில எல்லாரும் சிரிக்கியானுவ.”

“சபையில ஒழுகல்ல. எனக்கு வீட்டுல ஒழுகுது.”

“சவத்த விடு. ஜான்ரோஸ் நம்ம ஆளு, அவருகிட்ட மொறைக்க முடியுமா? முந்தியே சொன்னதுதான். ஐப்பசி மழைக்கு ஒழுகிச்சுண்ணா வீட்ட வாடகைக்கு விட்டுட்டு வந்திரு. ஒன் கட்டில் அங்ஙனயேதான் கெடக்கு. மைனி அத அசைக்கல்ல.”

மைனி அசைக்க மாட்டாள். அது ஜெயபாய்க்குத் தெரியும். நெல் போட்டு வைக்கும் அறையில், பத்தாயத்துக்கும் வாழைக்குலைக்கும் நடுவே கிடந்த அந்தக் கட்டிலில் இருபத்திரண்டு வருஷம் படுத்திருக்கிறாள். விடியுமுன் எழுந்து மாவாட்டி, அண்ணன் பிள்ளைகள் நாலுபேருக்கும் தலைவாரி, அதற்குப் பிறகு வேலைக்குப் போய், திரும்பி வந்து மீன் கழுவி. ‘பிள்ளையளுக்க மாமி இல்லாம எங்களுக்கு ஓடாது’ என்று மைனி வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். ஓடாதுதான்; சக்கரம் கழன்றால் எந்த வண்டி ஓடும்?

அண்ணன் போன பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த வீடு ஒழுகாமல் இருப்பதை உலகத்தில் விரும்புகிறவள் அவள் ஒருத்திதான். அடுத்தது இன்னும் கசப்பாக இருந்தது: அந்த ஒருத்தியும் முழுசாக விரும்புகிறாளா? இடவப்பாதி மழைக்குக் கட்டில் நனைந்து, ஒன்பது நாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பத்தாயத்து நெல்வாசனையில் அவள் நன்றாகத் தூங்கினாள். இந்த வீட்டில் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை. அடித்த இடத்துக்கே வால் ஆட்டிப் போகிற நாயைப்போல ஒன்று அவளுக்குள் சுருண்டு படுத்திருந்தது. அதற்கும் ஒரு முடிச்சுப் போட முடியுமானால் போட்டிருப்பாள். இருபத்து நாலாவது.

ஐப்பசிக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலை வீட்டு ஆதாரப் பத்திரத்தை எடுத்து, கறுப்புத் துணியை மேஜையில் விரித்து, அதன்மேல் வைத்தாள். காகிதத்துக்குக் கறுப்புத் துணி தேவையில்லைதான். ஆனால் கண் பழகிய இடத்தில்தான் புத்தியும் பழகியிருந்தது. வார்த்தை வார்த்தையாக, கண்ணி எண்ணுகிறதுபோல வாசித்தாள். வெள்ளம் என்ற வார்த்தைக்கு ஐந்து வரி மேலே விரல் நின்றது. ‘பின்புறத்தில் வற்றாத தண்ணீருள்ள கிணறு ஒன்று உட்பட.’

தண்ணீர். அதே எழுத்து, அதே மசி. கிணற்றில் தண்ணீர் என்று எழுதத் தெரிந்தவன், ஐந்து வரி கீழே வருவதற்குள் மறந்துபோயிருக்க மாட்டான்.

மறுநாள் வேலை விட்டதும் நேரே ஜான்ரோஸ் வீட்டுக்குப் போனாள். முன்வராந்தாவில் அவரோடு ஐந்தாறு பேர் இருந்தார்கள். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஜான்ரோஸும் போன வருஷத்திலிருந்து தமிழராக மாறி, மேடை ஏறத் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் முத்துநாயகம் மூக்குக்கண்ணாடியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் அச்சு மை காயாத நோட்டீஸ் கட்டு.

“தங்கச்சியா? குமாரதாஸ் வரல்லியா?” என்றார் ஜான்ரோஸ்.

“அவரு வீடு ஒழுகல்ல. என் வீடுதான் ஒழுகுது.” அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துபோகச் சொல்வார்கள். “பண்டிதர் சார் இருக்கிறது நல்லதாப் போச்சு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்.”

பண்டிதருக்கு யாரும் அர்த்தம் கேட்டு வெகு காலமாகியிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேளும்மா.”

ஆதாரத்தைப் பிரித்து, இரண்டு இடத்தையும் வாசித்தாள். “மேல தண்ணீர். கீழ வெள்ளம். ரெண்டும் ஒண்ணுதானா?”

“எப்படி ஒன்றாகும்? நீர் வேறு, வெள்ளம் வேறு. வெள்ளம் என்பது பெருக்கு. கரை கடந்து…”

“அது புத்தகத்துத் தமிழ், பண்டிதரே,” என்று ஜான்ரோஸ் அவசரமாகக் குறுக்கே வந்தார். “நாட்டுல பேசப்பட்ட பேச்சுல வெள்ளம்னா தண்ணிதானே. ஆதாரம் நாட்டுப் பேச்சுல எழுதினது.”

ஜெயபாய் பெஞ்சிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்தாள். வாசிக்கவேண்டும் என்று எடுக்கவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எடுத்தபிறகு கண் தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. பிறகு உரக்க வாசித்தாள்.

“‘புதுக்கடையில் மாபெரும் பொதுக்கூட்டம். தமிழ்ப் பெருங்குடி மக்களே, வெள்ளமெனத் திரண்டு வாரீர்! தலைமை, திருவாளர் ஜான்ரோஸ் அவர்கள்.’” நோட்டீஸைத் தாழ்த்தினாள். “இது எந்த வெள்ளம்? குடிக்குத வெள்ளமா? எத்தன செம்பு வரணும்?”

யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. பண்டிதர் மட்டும் சிரிக்காமல், மிகுந்த வருத்தத்தோடு ஜான்ரோஸைப் பார்த்தார்.

“மேடைக்கு ஒரு வெள்ளம், மட்டுப்பாவுக்கு ஒரு வெள்ளமாண்ணு புதுக்கடையில வந்து கேப்பேன்,” என்றாள் ஜெயபாய். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“தங்கச்சி, நான் ஒரு தமாசுக்கு…”

“தமாசு கட்டில்ல சொட்டுது.”

இரண்டாம் நாள் ஜான்ரோஸின் கொத்தனார் வந்தார், நாலு ஆட்களோடு. மட்டுப்பாவைக் கொத்தி, புதுச் சாந்து இட்டு, மெழுகினார்கள். சுவரை உரித்து ஆற்று மணலால் பூசினார்கள். ஒரு வேலை முடிந்ததும் அவள் ஆணியைப் பிடுங்கி நூலை அவிழ்ப்பாள். அதுவரை ஆட்களைக் கிளம்ப விடவில்லை. “இந்த அம்மாவுக்கு வீடு கெட்டுததுக்கு யானப்பாகனா போயிரலாம்,” என்று கொத்தனார் மட்டுப்பாமேல் நின்று சொன்னது கீழே நன்றாகக் கேட்டது. அவளுக்கு அது பாராட்டாகவே இருந்தது.

பதினோராம் நாள், மதில்மேல் சண்முகவடிவின் தலை தெரிந்தது. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“அக்கா… அந்தச் செவப்பு நூலு மிச்சம் உண்டுமா?”

“குறை சொன்னா வீடு விளங்காதுல்லா?”

“சொல்லல்லியே. கெட்டத்தானே போறேன்.”

ஜெயபாய் முழு உருண்டையையும் மதிலுக்கு அப்பால் எறிந்தாள்.

ஐப்பசி நாலாந் தேதி, மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. மலைப்பக்கம் கறுத்து, வயலெல்லாம் ஒரே இரைச்சல். ஜெயபாய் படுக்கையறையில், நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம். ஒரு மணி நேரம். கழுத்து வலித்தது. ஒரு சொட்டு இல்லை.

சந்தோஷத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. மிகச் சின்னது, ஒரு இழை அறுந்ததுபோல. இனி அந்தக் கட்டிலுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. அட வெட்கங்கெட்டவளே, என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டாள். கேட்டுக்கொண்டு அது அடங்கியது.

வாசலில் அண்ணன் குரல் கேட்டது. முழங்கால்வரை நனைந்து நின்றார். தலைக்குமேல் ஒரு குடை. கக்கத்தில் இன்னொரு குடை, மடித்தபடி. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்தது.

குமாரதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூடத்தின் முகட்டைப் பார்த்தார். படுக்கையறைக்குப் போய் நாலு மூலையையும் பார்த்தார். தங்கையின் கட்டில் விரிப்பைக் கையால் அழுத்தித் தடவினார். தொலைத்த சாமானைத் தேடுகிறவர்போல இருந்தது.

“ஒழுகல்லியே,” என்றார்.

“ஒழுகல்ல.”

“மைனி ஒனக்கும் சேத்து மீன் வச்சிருக்கா.”

“கழுவுனது யாரு?”

அவள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அங்கணத்தில் பாத்திரத்தைக் கழுவினாள். தண்ணீர் ஒழுங்காக ஓடைக்குப் போயிற்று. அண்ணன் காப்பியைக் குடித்து முடித்து, மழை குறையும் என்று கொஞ்சம் பார்த்தார். குறையவில்லை. எழுந்து இரண்டு குடைகளையும் எடுத்தார்.

“அதுல ஒண்ண வச்சிட்டுப் போங்க,” என்றாள் ஜெயபாய். “எனக்கு இங்க இருந்து வேலைக்குப் போவக் குடை இல்ல.”